ஊமை வண்டிக்காரன் யாரென்று நான் சொன்ன நாள்

2023 மே 14, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்கு நான் பேசத் தொடங்கினேன். பதினொன்று இருபத்திரண்டுக்கு எல்லாம் கெட்டுவிட்டது. அதன் பிறகும் கால் மணி நேரம் நான் மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால்தான் இன்றும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இடம், கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். (மேல் தளத்தில் வேறு யாருக்கோ நிச்சயதார்த்தம். எங்கள் மௌனங்களையெல்லாம் அவர்களுடைய நாதஸ்வரம் நிரப்பியது.) நிகழ்ச்சி, என் அண்ணி வசந்தி எழுதிய ‘உப்பு அரியணை’ என்ற மாயக்கதைப் புதினத்தின் வெளியீட்டு விழா. நான் அப்போது முதுகலைத் தமிழ் இலக்கிய மாணவி; மதிப்புரை வழங்க அழைக்கப்பட்டவள். அதற்கு முன் மைக்கை நான் தொட்டது ஒரே ஒருமுறை. கல்லூரி விழாவில் அது கீழே விழுந்தபோது எடுத்து வைத்தேன்.

புதினம் பிறந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். அண்ணி சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். எங்கள் ஊர் எளாவூர் சோதனைச் சாவடிக்குச் சற்று வடக்கே இருக்கிறது. காலை ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ், பாதி நாட்கள் சாவடியின் லாரி வரிசையில் சிக்கிக்கொள்ளும். அந்தக் காத்திருப்பில் பொழுது போவதற்காக அண்ணி ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அது இரண்டு ஆண்டுகள் வளர்ந்தது.

உப்பளங்கள் சூழ்ந்த ஒரு நாடு. அதன் அரியணை உப்புப் பாறையில் செதுக்கப்பட்டது. உரிமையற்றவர் அமர்ந்தால் கரையத் தொடங்கிவிடும். வாரிசு யாரென்று சொல்லாமலே அரசர் இறந்துவிடுகிறார். மகள் செங்கயல் ஒருபுறம், அரசரின் தம்பி கோளரி மறுபுறம் நிற்கிறார்கள். செங்கயலின் தம்பி, இளவரசன் இளமாறனோ பன்னிரண்டாம் அத்தியாயத்திலேயே உளைசேற்றில் அமிழ்ந்து போகிறான். அதற்குப் பிறகு, முகத்தைத் துணியால் மூடிய ஊமை வண்டிக்காரன் ஒருவன் செங்கயலின் உப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு நாடெங்கும் வருகிறான்.

பஸ் இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்க இருக்கைகள் செங்கயல் கட்சி. வலப்பக்கம் சித்தப்பா கட்சி. சித்தப்பா கட்சிக்குத் தலைவர், எல்லோரும் நைனா என்று அழைக்கும் ஓட்டுநர். (கதையில் மாட்டுக்கு நேரத்துக்குத் தண்ணீர் காட்டும் ஒரே ஆள் கோளரிதான் என்பது அவருடைய வாதம்.) தரப் பரிசோதனைப் பிரிவில் அண்ணியோடு வேலை செய்யும் டெய்சி அக்கா இரண்டு கட்சியிலும் சேரவில்லை. இளமாறன் செத்த அன்று அவர் நாஷ்டா டப்பாவைத் திறக்கவே இல்லையாம்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் அண்ணி யாருக்கும் சொல்லவில்லை. புத்தகம் ஞாயிற்றுக்கிழமை வெளிவரும். மறுநாள் சாவடியில் பஸ் நிற்கும்போது டெய்சி அக்கா அதைச் சத்தமாகப் படிப்பார். அதுவரை ஒருவரும் எட்டிப் பார்க்கக் கூடாது. தோற்ற கட்சி பஸ் முழுவதற்கும் பிரியாணி போட வேண்டும். இதற்காகவே அண்ணியும் என் அண்ணனும் உட்கார்ந்து, ஒவ்வொரு பிரதியிலும் கடைசி அத்தியாயத்தின் பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார்கள்.

இவற்றில் எதுவும் எனக்குத் தெரியாது. நான் சென்னையில் விடுதியில் தங்கியிருந்தேன். பிழை திருத்துவதற்காக அண்ணி அனுப்பிய அச்சுத் தாள்களில்தான் அந்த நாட்டையும் அதன் அரசுரிமைப் போரையும் அறிந்தேன். மதிப்புரை எழுதும்போது எனக்கு இருந்த ஒரே கவலை, மற்ற பேச்சாளர்களைப் போலக் கதைச் சுருக்கம் சொல்லி நேரத்தை வீணாக்கிவிடக் கூடாது என்பதுதான். எங்கள் வகுப்பில் முடிவு என்பது மறைக்க வேண்டிய பொருளன்று. விவாதத்தின் தொடக்கப் புள்ளி. எனவே அங்கிருந்தே தொடங்கினேன்.

எதிரே பஸ் முழுவதும் வந்திருந்தது. விடுமுறை நாளில் பட்டுப் புடவை கட்டி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். இடப்பக்கம் ஒரு கூட்டம், வலப்பக்கம் ஒரு கூட்டம். (கல்யாண வீட்டுப் பழக்கம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.) அண்ணி மேடையில் பொன்னாடையோடு, வீட்டில் நான் பார்த்தே இராத ஒரு சிரிப்போடு அமர்ந்திருந்தார். வணக்கம் சொன்னேன். தாளைப் பார்த்து மூன்றாவது வாக்கியத்தைப் படித்தேன்:

“ஊமை வண்டிக்காரனாக உருமாறி உடன்வந்த இளமாறன், தனக்குரிய முடியைத் தமக்கைக்கே சூட்டுவதன் வழியாக, வாரிசுரிமை என்னும் கருத்தையே இப்புதினம் கேள்விக்கு உட்படுத்துகிறது.”

இரண்டு ஆண்டுகளாக ஒரு பஸ் துக்கம் காத்த இளவரசனை, ஒரே வாக்கியத்தின் முன்பாதியில், போகிற போக்கில் உயிர்ப்பித்தேன். பின்பாதியில் முடிசூட்டு விழாவையும் முடித்துவிட்டேன்.

கூடம் அமைதியாயிற்று. ஆய்வுரையின் ஆழம் அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டது என்று எண்ணினேன். நான்காம் வரிசையிலிருந்து டெய்சி அக்கா மெதுவாக எழுந்தார்.

“அப்போ அவன் சாவலையா?”

வாசகர் ஒருவர் பிரதியோடு உரையாடுகிறார் என்று எனக்கு மெய்சிலிர்த்தது. “சாகவில்லை. பக்கம் இருநூற்றுப் பதினொன்று,” என்றேன்.

“அந்த வண்டிக்காரன்தான் அவனா?”

“ஆம். அதற்கான குறிப்புகள் பதினான்காம் அத்தியாயத்திலேயே இருக்கின்றன,” என்று சொல்லி, ஒன்றுவிடாமல் எடுத்துக் காட்டினேன்.

வலப்பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. “சித்தப்பனுக்கு ஒண்ணும் இல்லியா அப்போ?” என்று நைனா பக்கத்திலிருந்தவரைக் கேட்டது மைக்கிலேயே விழுந்தது. அவருக்கும் பதில் சொன்னேன். கோளரி அமர்ந்ததும் அரியணை கரைவதை விளக்கினேன். அது எந்த வரியில் தொடங்குகிறது என்பதையும். யாரோ ஒரு குழந்தை அழுதது. நான் தாளைத் திருப்பினேன். இறுதியாக, அன்று காலை கைக்கு வந்த பிரதியைப் பார்த்துக் குறித்துவைத்த நூலாக்கக் குறைகளுக்கு வந்தேன். “கடைசிப் பக்கங்கள் திறக்க இயலாதபடி பின் அடிக்கப்பட்டிருப்பது அச்சகத்தாரின் கவனக்குறைவு. அடுத்த பதிப்பில் இதைத் தவிர்க்கலாம்.”

கைதட்டல் வரவில்லை. மேலே நாதஸ்வரம் மட்டும் உச்சத்துக்குப் போனது. அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அதே சிரிப்பு முகத்தில் இருந்தது; ஆனால் அதை அங்கே விட்டுவிட்டு அவர் வேறெங்கோ போயிருந்தார். பொன்னாடை ஒரு தோளிலிருந்து சரிந்திருந்தது. அவர் அதைச் சரிசெய்யவில்லை.

பஸ்ஸில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியவந்தது திரும்பி வரும் வழியில்தான். அண்ணன் சொன்னான். சொல்லி முடித்து, “எட்டு பக்கம் எழுதிக்கினு வந்தியே, அதுல ஒரு பக்கம் சும்மா இருந்திருக்கக் கூடாதா?” என்றான். அவன் கோபமாகக் கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

மாலையில் அண்ணி பொன்னாடையை மடித்து அலமாரியில் வைத்தார்; அரிசி களைந்தார். அருகே நின்றுகொண்டு, மன்னிப்பு என்ற சொல் வரும்படி ஒரு நீண்ட வாக்கியத்தை மனத்துக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். அது முடிவதற்குள் அவரே பேசினார்.

“ஒன்ன ஒண்ணும் சொல்லல பவி. நீ நல்லாதான் பேசின. நான்தான் ஒங்கிட்ட சொல்லி வெச்சிருக்கணும்.” களைந்த நீரை வடித்தார். “நாளைக்கு பஸ்ஸுல எப்படிப் போய் ஒக்காருறதுன்னுதான் தெரியல. ரெண்டு வருசம் அவங்கள ஒக்கார வெச்சிக்கினு வந்தேன்.”

அந்த ஒரு நாளால் எங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்த பட்டம் இன்றும் நீங்கவில்லை. யாராவது சினிமா பார்த்துவிட்டு வந்தால், என்னைக் கூடத்திலிருந்து வெளியேற்றிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட அண்ணன், “பவிகிட்ட காட்டாதீங்க, முடிவ சொல்லிடுவா,” என்பான். அண்ணி சிரிப்பார். அந்தச் சிரிப்பு வந்து சேர ஓராண்டு ஆயிற்று. நான் விரும்பினாலும் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு: அந்தப் பெண்கள் அந்தப் பக்கத்தை முதல்முறையாகக் கேட்டிருக்க வேண்டிய நொடி. அதை நான் ஒரு கட்டுரைக்குச் செலவழித்துவிட்டேன்.

விழாவுக்கு மறுநாள் காலை நான் சென்னைக்கு ரயிலேறவில்லை. அண்ணிக்குப் பின்னாலேயே போய்க் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் நின்றேன். பஸ் வந்தது. உள்ளே இடமும் வலமும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி ஏறினார். நான் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தாள் எதுவும் இல்லாமல் பேசினேன்.

“நேத்து நான் சொன்னது தப்பு. கடைசி அத்தியாயத்த நான் சரியா படிக்கல. அவசரத்துல யாரையோ யாருன்னோ நெனச்சிட்டேன். வண்டிக்காரன் இளமாறன் இல்ல.”

ஒற்றுப்பிழைக்கே உறக்கம் கெடுகிறவள் நான். நாற்பது பேர் முன்னால், ஒரு புத்தகத்தைத் தவறாகப் படித்துவிட்டதாகப் பொய் சொன்னேன். அண்ணி என்னைப் பார்த்துவிட்டுத் தன் இருக்கைக்குப் போய் உட்கார்ந்தார்.

டெய்சி அக்கா நீண்ட மூச்சு விட்டார். “அதான பாத்தேன். இன்னா பொண்ணும்மா நீ? எம்.ஏ. படிச்சிக்கினு இப்படியா படிப்ப?”

“நான் நேத்தே சொன்னேன், சித்தப்பன்தான்னு,” என்றார் நைனா, கண்ணாடியைப் பார்த்தபடி.

அவர்கள் நம்பினார்களா, நம்ப விரும்பினார்களா என்பதை என்னால் இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் பெண்கள் எழுந்து அவரவர் பக்கத்துக்கு மாறி உட்கார்ந்தார்கள். “நீயும் ஏறு. கேட்டாவாச்சும் புரியும்,” என்றார் டெய்சி அக்கா. போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன்.

எளாவூரில் லாரி வரிசை நீண்டிருந்தது. டெய்சி அக்கா கொண்டை ஊசியால் பின்னை நெம்பி எடுத்துப் படிக்கத் தொடங்கினார். அரியணை மண்டபத்துக்குள் உப்பு வண்டி நுழைந்தது. வண்டிக்காரன் இறங்கினான். முகத்துத் துணியை விலக்கினான். டெய்சி அக்காவின் குரல் அந்த இடத்தில் நின்றது.

பஸ் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. அண்ணி மட்டும் சன்னலுக்கு வெளியே லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வியப்பைப் போன்ற ஏதோ ஒன்றை முகத்தில் கொண்டுவந்தேன்.

“பாத்தியா?” என்றார் டெய்சி அக்கா, கண்ணைத் துடைத்தபடி. “இப்போ புரிஞ்சுதா?”

புரிந்தது என்று தலையசைத்தேன்.