புலிக்கும் கொம்பு வெச்ச பெயிண்டரு

அது கெடக்குது உடு அம்மிணி, இந்த ஒலகத்துல மாட்டத் தவிர வேற உசுரு இருக்குதுன்னே தெரியாத மனுசன் நம்ம லாரி பெயிண்டரு ஒருத்தருதான். நாமக்கல்லுப் பட்டறையில லாரிக்குப் பின்னால பசுவும் கன்னும் வரைஞ்சு வரைஞ்சே கை பழகிப்போச்சு. சிங்கம் கேட்டாக்கூட மடி வெச்சுத்தான் வரைவாரு. லாரிக்காரன் சண்டைக்கு வந்தா, "பொட்டைச் சிங்கமுங்க"ம்பாரு!

அவர்கிட்டப் போயி நம்ம பாலவாடி டீச்சரு, "கொழந்தைகளுக்கு மிருகமெல்லாம் போட்டு ஒரு படப் பொஸ்தகம் வரைஞ்சு தாங்கண்ணா"ன்னு கேட்டிருக்குது. மனுசன் பட்டறைக்கே போகாம ஊட்டுக்குள்ளயே உக்காந்துட்டாரு. டீ டம்ளருல பிரஷ்ஷ முக்கிப்போட்டு, பிரஷ் கழுவுன தண்ணியக் குடிச்சாருன்னு அவரு சம்சாரம் தலையில அடிச்சுக்குச்சு.

நான் பேத்தியக் கூட்டியாரப் போனப்ப பொஸ்தகம் வந்திருச்சு. பெயிண்டரு வெள்ளச் சட்டை போட்டு மாப்பிள்ளையாட்டம் நிக்கறாரு. டீச்சரு கொழந்தைகளுக்கு மொதப் பக்கத்தக் காட்டி, "இது என்ன?"ன்னுது.

"மாடு!"

"இல்ல சாமி, வரி பாருங்க. புலி."

"வரி போட்ட மாடு!"

யானை, தும்பிக்கை வெச்ச மாடு. மயிலு, தோகை கட்டுன மாடு. எல்லாத்துக்கும் கொம்பு, அதுலயும் எடதுக் கொம்பு கோணல். கொழந்தைக உருண்டு சிரிக்குதுக. பெயிண்டரு மொகம் சுருங்கிப்போச்சு. "இனிமே பிரஷ்ஷயே தொடமாட்டனுங்க"ன்னு பொஸ்தகத்தப் புடுங்கிக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

எனக்கு மனசு கேக்கல. எழுத்தா தெரியும் எனக்கு, படத்தத்தான பாக்கறேன்? "நில்லுங்க தம்பி! இது அத்தன மிருகம் இல்லீங்க, ஒரே மாடு. கொம்பு கோணலா இருக்குதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு நா புலி வேசம், ஒரு நா மயிலு வேசம் போடுது. கொம்புதான் மறைய மாட்டேங்குது"ன்னேன்.

சிரிப்பு நின்னுபோச்சு. "அப்பறம் என்னாச்சு அப்பத்தா?"ங்கறா பேத்தி.

நான் பெயிண்டரப் பாத்தேன். அவரு அங்கயே உக்காந்து கடேசிப் பக்கத்துல வரைஞ்சாரு. வரியில்ல, தோகையில்ல. கோணக்கொம்பு மாடு, வாயெல்லாம் பல்லு. கீழ, லாரிக்குப் பின்னால எழுதற கைப்பழக்கம் பாரு, "ஒலி எழுப்பவும்"னு எழுதிப்போட்டாரு! டீச்சரு படிச்சுச் சொல்லவும் அத்தனை கொழந்தைகளும் "ம்ம்மா"ன்னுச்சுக. பெயிண்டரு கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. பெயிண்டு பட்டுருச்சாமா.

அது யாரு மாடுன்னு நெனைக்கற? எங்கூட்டு மாடு அம்மிணி. கோணக்கொம்புன்னு சந்தையில எவனும் வாங்காம திரும்பி வந்துச்சே, அதேதான். பட்டறைக்குப் போறப்பவெல்லாம் சைக்கிள நிறுத்திப் பாத்துட்டுப் போவாரு. அதப் போயி லாரி லாரியா வரைஞ்சு டில்லி வரைக்கும் ஓட உட்டிருக்காரு அந்த மனுசன்.

இரு, புலி கத்துது. பாலு கறக்கோணும்.