கீழ்நோக்கி இரண்டு விரல்

நாஷ்வில்,
ஆகஸ்ட் 1974

அன்புள்ள ஐடெல்லா சித்திக்கு,

சித்தப்பாவின் முதுகுவலி குறைந்திருக்கும், உங்கள் கோழிகளும் ஒழுங்காக முட்டையிடும் என்று நம்பி இதை எழுதுகிறேன். நான் உடம்பளவில் நலம். அடுத்த சனிக்கிழமைக்குள் நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து என்னைக் கென்டக்கிக்கே கூட்டிப் போய்விட வேண்டும். கோழிக்கூடு கழுவச் சொன்னாலும் கழுவுகிறேன். பாடச் சொல்லாதீர்கள், அது போதும்.

அம்மாவை அடக்கம் செய்த மறுமாதமே அவளுடைய மேனேஜர் க்ரவுடர் என்னை அவளுடைய கச்சேரிப் பேருந்தில் ஏற்றிவிட்டார். பேருந்தின் பக்கவாட்டில் "ஒடெஸா டேக்கெட்டின் மகள்" என்று பெரிதாக எழுதியாயிற்று, என் பெயருக்கு இடம் போதவில்லையாம். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லவே வாய் வராமல் நின்றுவிட்ட பெண் நான் என்று சொல்லிப் பார்த்தேன். "பேச வேண்டாம் கண்ணு, பாடினா போதும்" என்றார். பாடுவதில்தான் சங்கடம். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும், பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவார், வாத்தியக்காரர்கள் அதைப் பார்த்துச் சுருதி பிடிப்பார்கள். மேலே ஒரு விரல் என்றால் என்னுடைய தாழ்ந்த சுருதி, கீழே இரண்டு என்றால் அம்மாவின் உயர்ந்த சுருதி. முதல் நாள் மேடையில் நான் ஒரு விரலை மேலேதான் காட்டினேன், சத்தியமாக. ஆனால் ஸ்டீல் கிதார் வாசிக்கும் ஹாய்ட் மாமா அம்மாவின் சுருதியில் இழுத்துவிட்டார். எட்டாது என்று பயந்து வாயைத் திறந்தால், எட்டியது. கேட்டால் அது என் குரலே இல்லை.

மேடையை விட்டு இறங்கியதும் அவரிடம் சண்டைக்குப் போனேன். "ஏம்மா, நீதானே ரெண்டு விரல கீழே காட்டுன? அதுவும் உங்கம்மா மாதிரியே சுண்டு விரல மடக்கிக்கிட்டு. பழக்கத்துல என் கை அந்தச் சுருதிக்குப் போயிடுச்சு" என்றார் மாமா. மறுநாள் கையைப் பாவாடைப் பையில் திணித்துக்கொண்டு பாடப் போனேன். கை தானாகவே வெளியே வந்துவிட்டது. கையெழுத்து வாங்க வரும் வரிசையிலோ இன்னும் மோசம். ஒரு கிழவி பீட்ரூட் ஊறுகாய் ஜாடியை நீட்டி, "உங்கம்மாவுக்கு உசுரு இது" என்றாள். நான் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். "இந்த வாட்டியாவது கிராம்பு போட்டியா நெட்டி? போன வருஷம் மறந்துட்டியே" என்று வாய் சொல்லிவிட்டது. அவள் பெயர் எனக்கு எப்படித் தெரியும் சித்தி? நெட்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள், ஜாடி உடைந்து என் வெள்ளை பூட்ஸ் சிவந்துவிட்டது. க்ரவுடருக்கு மட்டும் ஒரே மகிழ்ச்சி. "அச்சு அசலா இருக்கு! நாளைக்கும் இதே மாதிரி பண்ணு" என்கிறார்.

எனக்கென்று ஒரு பாட்டு எழுதி வைத்திருக்கிறேன். அதை ஒரே ஒரு முறை என் குரலில் பாட வேண்டும். இங்கே இருந்தால் நடக்காது. அதனால்தான் கூப்பிடுகிறேன், தட்டாமல் வாருங்கள்.

சித்தப்பாவுக்கும் தேவாலயத்துப் பெண்களுக்கும் என் அன்பு. கர்த்தர் உங்கள் கூரையையும் கோழிகளையும் காக்கட்டும்.

உங்கள்,
வெர்லீன்

பின்குறிப்பு: உறையைப் பிரித்து எழுதுகிறேன். வர வேண்டாம் சித்தி. இன்று மதியம் சந்தைக் கச்சேரியில் என் விரல் ஒன்று, மேலே, நான் நினைத்தபடியே நின்றது. என் பாட்டை என் குரலில் முழுவதும் பாடினேன். மரியாதைக்குக் கை தட்டினார்கள். "நல்லாத்தான் பாடுற பாப்பா, நீ யாரு?" என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எனக்காகச் சொல்ல உள்ளே யாரும் இல்லை. அம்மா செத்துப்போய்விட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து மணிக் கச்சேரியில் நானே இரண்டு விரலைக் கீழே காட்டி, அழுதுகொண்டே காத்து நின்றேன். வந்துவிட்டாள். உங்களையும் விசாரித்தாள், "மொட்டச்சி எப்படி இருக்கா?" என்று. படர்தாமரை வந்து சின்ன வயதில் உங்களுக்குத் தலையை மழித்தார்களாமே, நிஜமா? சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிப்பு என் வாயிலிருந்துதான் வருகிறது, ஆனாலும் கேட்க நன்றாக இருக்கிறது.