வாய் திறவாத வர்ணனையாளர்

பேசிப் புகழ் பெற்றவர்கள் உலகில் ஏராளம். பேசாமல் புகழ் பெற்ற ஒரே வானொலி வர்ணனையாளர் எங்கள் எமில் வோபோரில் ஒருவர்தான். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஓட்டர் க்ரீக் என்ற ஊரில் பேஸ்பால் ஆட்டங்களுக்கு அவர் குரல் கொடுத்த பதினெட்டு ஆண்டுகளும், பக்கத்தில் உட்கார்ந்து மைக்கின் விசையைத் திருகியவன் நான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

தொடக்கத்தில் அவரும் மற்றவர்களைப் போல நடந்ததைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அந்தக் கெட்ட பழக்கம் 1951இல் ஒழிந்தது. எங்கள் அணி கான்சாஸில் ஆடியது. வரும் தந்திகளைப் பார்த்து எமில் இங்கே ஸ்டுடியோவில் வர்ணித்தார். ஏழாவது இன்னிங்ஸில், "நம்ம பையன் பந்துல இதுவரைக்கும் ஒருத்தனும் ஒரு அடி அடிக்கல" என்று சொல்லிவிட்டார். ஓர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸிலும் எதிரணி ஓர் அடிகூட அடிக்காமல் போவது அபூர்வம். அப்படி நடந்துகொண்டிருக்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லவே கூடாது, சொன்னால் கெட்டுவிடும் என்பது பேஸ்பாலின் எழுதாத சட்டம். அடுத்த தந்தியில் அடி விழுந்த செய்தி வந்தது.

நிலைய உரிமையாளர் ஹார்லன் பீசன் விசாரணைக் குழு அமைத்தார். எமில் பேசுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே, இருநூறு மைலுக்கு அப்பால் அந்த அடி விழுந்துவிட்டது என்பதைக் குழு 'கவனத்தில் கொண்டது'. குற்றம் அவருடையதே என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. முடிதிருத்துபவர் மூன்று வாரம் அவர் தலையைத் தொடவில்லை. பாதிரியார் நாவடக்கம் பற்றிப் பிரசங்கம் செய்தார். இன்னொரு முறை நடந்தால் வேலை போகும் என்று கடிதம் வந்தது. எமில் திருந்தினார்.

1957 ஜூலையில் ஒரு ஞாயிறு மதியம், அந்தத் திருத்தத்துக்குச் சோதனை வந்தது. உள்ளூர் மைதானம். பந்து வீசியவன் லைல் டிட்ரிக். ஐந்து இன்னிங்ஸ் முடிந்தும் எதிரணிக்கு அடி இல்லை. உடனே சட்டம் அமலுக்கு வந்தது. பெஞ்சின் ஒரு கோடியில் லைலைத் தனியாக விட்டு, மறு கோடியில் மொத்த அணியும் நெருக்கியடித்து உட்கார்ந்தது. அவனிடம் பேசக் கூடாது, பார்க்கவும் கூடாது. அவன் தண்ணீர் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்காமல் வாளியைக் காலால் தள்ளிவிட்டார்கள். தைலப் புட்டியோடு நின்ற பயிற்சியாளர் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எமில் மேகங்களை வர்ணித்தார். பெண்களின் தொப்பிகளை வர்ணித்தார். வறுகடலை விற்பவரின் மூட்டுவலியைப் பற்றி நான்கு நிமிடம் பரிவோடு பேசினார்.

ஏழாவது இன்னிங்ஸில் லைல் வலது முழங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்தான். அது வீங்கியிருந்தது எங்கள் வர்ணனைக் கூண்டிலிருந்தே தெரிந்தது. வலிக்கிறது என்று சொல்ல அவனுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. நான் விசையை மூடினேன்.

"எமில், அவன் கையப் பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லிடேன்."

"கை வீங்கியிருக்குன்னா, அப்பறம் ஏன் இன்னும் வீசறான்னு கேப்பாங்க. காரணத்தச் சொல்லணும். சொன்னா அடி விழுந்துரும். அப்பறம் என் குடும்பத்துக்கு நீயா சோறு போடுவ?"

அவருடைய தர்க்கத்தில் ஓட்டை இல்லை. விசையைத் திறந்தேன். எமில் மேகங்களுக்குத் திரும்பினார்.

ஓர் அடியும் விழாமல் ஆட்டம் முடிந்தது. கடைசிப் பந்தோடு லைலின் முழங்கைத் தசைநாரும் அறுந்தது.

எமில் ஓய்வு பெற்றபோது மைதான வாசலில் வெண்கலப் பலகை வைத்தோம். 'சொல்லக் கூடாததைச் சொல்லாத குரல்' என்று பொறித்திருந்தோம். திரையை விலக்க, இரும்புக்கடையில் வேலை பார்க்கும் லைலையே அழைத்தோம். இடது கையால் விலக்கினான். கைதட்டல் அடங்கியதும் அவன் மனைவி நார்மா என்னிடம் வந்தாள்.

"ரெண்டு தெரு தள்ளித்தான் எங்க வீடு. அன்னிக்கு முழுக்க ரேடியோ பக்கத்துலதான் இருந்தேன். கை வீங்கியிருக்குன்னு ஒரு வார்த்த காதுல விழுந்திருந்தா, ஓடி வந்து அவர இழுத்துட்டுப் போயிருப்பேன். அங்க எத்தன பேரு பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

அதற்கு என்னிடம் அதிகாரபூர்வமான பதில் இருந்தது. நான்காயிரத்து இருநூற்றுப் பதினொரு பேர். ஊர் வரலாற்றிலேயே அதிகம். கூண்டிலிருந்த எங்கள் இருவரையும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.