முப்பத்திரண்டாவது இடம்

இடம் ஒதுக்குபவர் என்றொரு இனம் உண்டு. ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பவரைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கடை இயந்திரங்களில் காசு போட்டுத் திரையில் ஆடிய சண்டை விளையாட்டுகள் இருந்தனவே, அவற்றின் வீரர்களில் யார் யாருக்குப் புதிய விளையாட்டில் இடம் தரலாம் என்று தீர்ப்புச் சொல்பவரைச் சொல்கிறேன். விளையாட்டைத் தயாரிக்கும் கம்பெனி இவரிடம் யோசனை கேட்டதில்லை. அதை இவர் மனதில் வைத்துக்கொள்வதுமில்லை. பெரிய மனசு.

இவரை அடையாளம் காண்பது எளிது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருப்பார், மூட்டுவலி இருக்கும், சொந்தமாக ஒரு விளையாட்டு இயந்திரம்கூட இருக்காது, ஆனால் பேச்சு சூடேறினால் இடது கை காற்றில் இல்லாத ஒரு பிடியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். எனக்குக் கணவர், ஊருக்குக் கண்ணாடிக் கடைக்காரர். நாள் முழுக்க வருகிறவர்கள் கண்ணில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டே பழகியவர். அதனால் எந்த இரண்டைப் பார்த்தாலும் மோதவிடாமல் இருக்க முடியாது. என் சித்திகள் இருவரையும்கூட ஒருமுறை மனதுக்குள் மோதவிட்டுப் பார்த்தாராம். சின்னச் சித்திக்கு மூன்றாவது சுற்றில் வெற்றி.

அப்படிப்பட்டவர் காதில், இரண்டு பழைய கம்பெனிகள் சேர்ந்து தங்கள் வீரர்களை ஒரே விளையாட்டில் இறக்கப்போகிறார்கள், மொத்தம் முப்பத்திரண்டு இடம் என்ற செய்தி விழுந்தால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை மதியம், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண் சோதிக்கும் எழுத்துப் பலகைக்குக் கீழே சபை கூடும். என் கணவர், பஸ் ஓட்டுநர் ஒருவர், அச்சகக்காரர் ஒருவர். வீணாய்ப்போன நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் அச்சகக்காரர் தீர்மானங்களை எழுதுவார். தேநீர் கொண்டுபோகும் சாக்கில் நான் பார்வையாளர்.

சபைக்கு ஒரே ஒரு சட்டம். ஒரு வீரரைச் சிபாரிசு செய்ய வேண்டுமானால், நீங்கள் அவரிடம் தோற்றிருக்க வேண்டும். எப்படித் தோற்றீர்கள் என்பதை எழுந்து நின்று சொல்லவும் வேண்டும்.

சட்டம் போட்டவன் என் தம்பி. முன்பெல்லாம் ஆளாளுக்குத் தான் ஆடி ஜெயித்த வீரனையே தூக்கிப்பிடித்து, இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். "ஜெயிச்சவன் பெருமை யாருக்கு வேணும் அத்தான்? அடி வாங்கினவன் சொன்னாத்தான் நம்பலாம்" என்றான் தம்பி. அன்றிலிருந்து மூன்று கௌரவமான குடும்பத் தலைவர்கள் ஞாயிறுதோறும் தங்கள் அவமானங்களைப் போட்டி போட்டு அவிழ்த்து வைக்கிறார்கள்.

"ஒரே உதை. சில்லறையைத் திரும்பப் பாக்கெட்ல போடறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சுது" என்பார் ஓட்டுநர், ஏதோ பட்டம் வாங்கிய மாதிரி.

சபையில் நான்காவது நாற்காலி தம்பியுடையது. போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. நாற்காலியை இன்னும் யாரும் மடக்கி வைக்கவில்லை.

தம்பியின் ஆள் குடைக்காரர். தொப்பை, கோட்டு, கையில் ஒரு குடை. அடி விழும்போது குடையை விரிப்பார். அடி நின்றதும் மடக்குவார். அவருடைய போர்த்தந்திரம் அவ்வளவுதான். அவரை எடுத்து ஆடியவர்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை, தம்பியைத் தவிர. ஏன்டா என்று கேட்டால், "யாருமே எடுக்கலைன்னா அவரு பாவம்ல" என்பான். எடுத்தான். தோற்றான். ஒரே ஒருமுறை ஜெயித்தான். தோற்றவர் என் கணவர்.

தோற்றார் என்று நான் சொல்கிறேன். அவர் அப்படிச் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருடமாக, இயந்திரத்தின் பிடிமேல் பழியைப் போட்டு, "ஸ்டிக் இறுகிப்போச்சு" என்பதே அவர் வாக்குமூலம். தம்பியும் விடாமல், "அத்தான், ஸ்டிக் குணமாயிடுச்சா?" என்று விசாரிப்பான்.

போன ஞாயிறு முப்பத்தோரு இடம் நிரம்பிவிட்டது. மிச்சம் ஒன்று.

"சங்கிலிக்காரிக்குக் கொடுத்துடலாம்" என்றார் ஓட்டுநர். "ரெண்டு கையிலயும் சங்கிலி சுத்துவா பாருங்க, நான் பதினேழு தடவ செத்திருக்கேன்."

"குடைக்காரரைப் போடுங்க" என்றார் என் கணவர்.

அச்சகக்காரர் பேனாவை எடுக்கவில்லை. "போடலாம். எனக்கும் ஆசைதான். ஆனா அவர்கிட்ட தோத்தது யாரு?"

"இப்ப எதுக்குங்க அதெல்லாம்..."

"சட்டம் யார் போட்டதுன்னு உங்களுக்கே தெரியும். அவன் ஆளுக்காக அவன் சட்டத்தையே மீறச் சொல்றீங்களா?"

என் கணவர் வில்லைப் பெட்டியைத் திறந்தார், மூடினார். நான்காவது நாற்காலியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"ஸ்டிக் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

கையில் தட்டோடு நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஆரம்பித்த பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. குடை எத்தனை தடவை விரிந்தது, இவர் எங்கே அவசரப்பட்டார், கடைசி அடிக்கு முன்னால் தம்பி திரும்பி, "அடிக்கட்டுமா அத்தான்?" என்று கேட்டது வரை சொன்னார். ஓட்டுநர் சங்கிலிக்காரியை வாபஸ் வாங்கினார். அச்சகக்காரர் எழுதினார். தேநீர் ஆறிப்போயிருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கம்பெனி தன் பட்டியலை வெளியிட்டது. குடைக்காரர் இல்லை. சபை கண்டனத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியிருக்கிறது, பதிலுக்குக் காத்திருக்கிறது. இந்த இனத்துக்கு வேறென்ன வேலை?

நீங்கள் இவர்களைப் பார்த்துச் சிரிப்பது நியாயமே. வேலை வெட்டி இருக்கிறவர் நீங்கள். உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான். பதினேழு தடவை கொன்றவளை விட்டுவிட்டுக் குடைக்காரருக்கு இடம் கொடுத்தது சரியா என்று, படிக்கும்போது ஒரு நொடி கணக்குப் போட்டீர்களே, அது ஏன்?

ஞாயிறு மதியம் வாருங்கள். ஷட்டர் பாதிதான் இறங்கியிருக்கும். யாரிடம் தோற்றீர்கள் என்பதை மட்டும் யோசித்துக்கொண்டு வாருங்கள். ஸ்டிக் கதை எங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.