டாக்கெட் இல்லாத அட்டைக்கட்டு

"பபிள்கம் மென்னா பிள்ளைங்களுக்குப் பல்லு சொத்தையாகும். என் மனசாட்சி உறுத்துது தம்பி" என்று காகிதத்தைத் திருப்பி நீட்டினார் கிளெம் டாக்கெட்.

டெல்பெர்ட் அதை மறுபடி அவர் பக்கமே தள்ளினான். அவனுடைய கம்பெனி பபிள்கம்மோடு பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட அட்டை வைத்து விற்கிறது. கிளீவ்லாந்து அணியின் மட்டையடி மன்னன் டாக்கெட் இல்லாத அட்டைக்கட்டை எந்தப் பையன் வாங்குவான்? வெள்ளிக்கிழமை அச்சு. அதற்குள் படம் போடச் சம்மதக் கையெழுத்து வராவிட்டால் நீயும் வராதே என்று முதலாளி ஹால்வர்சன் சொல்லிவிட்டார்.

"சும்மா இல்ல சார், பரிசு உண்டு. இந்தப் புத்தகத்துல எது பிடிச்சாலும் எடுத்துக்கலாம்."

"நீயே படி. கண்ணாடிய எங்கயோ வச்சுட்டேன்."

பறந்து வரும் பந்தில் தையலைப் பார்க்கும் கண்கள் என்று பத்திரிகைகள் கொண்டாடிய கண்கள் அவை. டெல்பெர்ட் டோஸ்டரில் தொடங்கி ஃபிரிட்ஜ் வரை படித்தான். ஃபிரிட்ஜ் என்றதும் டாக்கெட்டின் முகம் மலர்ந்தது. ஆனால் பேனாவைத் தொடவில்லை. அவர் மனைவி வெர்னா தன் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். தொட்டியில் கழுவாத பாத்திரங்கள் கூரையைத் தொடப் பார்த்தன.

மறுநாள், பிள்ளைகளுக்குப் பல்துலக்கி இலவசம் என்று ஒரு ஷரத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தான். ஒரு தாள் மூன்றாகியிருந்தது.

டாக்கெட் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பசங்க அட்டைய சைக்கிள் சக்கரத்துல செருகிப் படபடன்னு ஓட்டுறானுங்க. நாள் பூரா என் மூஞ்சியில அடி விழணுமா?"

வியாழக்கிழமை டெல்பெர்ட் வக்கீலையே கூட்டிவந்தான். சைக்கிளுக்குத் தடை, மூஞ்சிக்குப் பாதுகாப்பு என்று ஒப்பந்தம் தலையணையாகியிருந்தது.

"ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு கையெழுத்து போடுங்க சார்" என்றார் வக்கீல்.

தலையை நோக்கி வரும் பந்துக்கும் அசையாத மனிதர் பின்வாங்கினார். கதவு அறைந்து மூடியது. டெல்பெர்ட்டின் தொப்பி உள்ளே மாட்டிக்கொண்டது.

டாக்கெட் இல்லாமலே கட்டு வெளிவந்தது. டெல்பெர்ட்டின் வேலை போனது. டாக்கெட்டைப் பத்திரிகைகள் "காசுக்கு மயங்காத கொள்கை வீரர்" என்று எழுதின. பல் மருத்துவர்கள் பதக்கம் கொடுத்தார்கள். பாதிரியார் ஞாயிறு பிரசங்கத்தில் அவரை உதாரணம் காட்டினார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, தொப்பியை வாங்க டெல்பெர்ட் கதவைத் தட்டினான். வெர்னா திறந்தாள். கையில் சோப்பு நுரை. நடந்ததையெல்லாம் கேட்டவள், அவன் அங்கே விட்டுப்போன பரிசுப் புத்தகத்திலிருந்த ஃபிரிட்ஜ் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா தம்பி? இந்த வீட்டுல அவர் பேர எழுதத் தெரிஞ்சது நான் ஒருத்திதானே!"