அண்டாவுக்கு இரண்டு பூட்டு

என் மூளையும் கல்யாண அண்டாவும் ஒரே ஜாதி: பார்க்கப் பெரிசு, தட்டினால் காலிச் சத்தம். அந்த மூளையை நம்பித்தான் எங்கள் பாமாயில் தோட்டத்து மண்டபத்துக்குத் தலைவரானேன்.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில், எமனே வந்து நின்றாலும் "பேர் எழுதுங்க, உங்களுக்கு முன்னால ஒருத்தர் இருக்காரு" என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் 'ரெண்டாம் பூட்டு'. பாமாயில் ஆலையில் லோரி எடை பார்த்து ஓய்வு பெற்றவர். மண்டபத்து நாலு அண்டாவும் இருக்கும் அறைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைவரிடம், இன்னொன்று இவரிடம். நோட்டில் முதலில் பேர் எழுதியவருக்குத்தான் அண்டா.

தன் பேரன் காதுகுத்துக்குப் பேர் எழுதப் போன இவரே, அந்தத் தேதியில் வேறொருவர் இருப்பதைப் பார்த்துத் தனக்குத் தானே "இல்லை" சொல்லிவிட்டு, ஒன்பது குக்கரில் பிரியாணி செய்தார்.

"சாவி உங்ககிட்டதானே இருக்குண்ணே?" என்றேன்.

"அதனாலதான்."

ஆண்டுக் கூட்டத்தில் முழங்கினேன்: "அண்டா நம்மளுது. நமக்கும் அண்டாவுக்கும் நடுவுல இவரு யாருலா? மக்கள் எப்ப கேட்டாலும் எடுத்துக்கலாம்." கைதட்டலில் காற்றாடி ஆடியது. எதிர்த்து உயர்ந்தது ஒரே கை. அந்தக் கைதான் பிறகு இரண்டு பூட்டையும் கழற்றியது. கழற்றியதற்கும் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டது.

மூன்று மாதம் நான்தான் ராஜா. என் மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில் அறையைத் திறந்தேன். காம்பில்லாத கரண்டி ஒன்றுதான் இருந்தது. ஓர் அண்டா செகிஞ்சானில் இறால் அவிக்கிறதாம். இன்னொன்றில் சுங்கை பஞ்சாங்கில் யாரோ கெளுத்தி வளர்க்கிறாராம். கேட்டால், "தலைவர்தானே எடுத்துக்கச் சொன்னாரு?"

எண்ணூறு பேருக்குச் சாப்பாடு. என் மனைவி அமைதியாகச் சொன்னாள்: "மக்கள் உங்க பக்கம்தானே? ஆளுக்கொரு சட்டி கொண்டு வரச் சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் ரெண்டு நாள் கழித்து ரெண்டாம் பூட்டு வீட்டுக்குப் போனேன். கார் நிற்கும் இடத்தில் நாலு அண்டாவும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்திருந்தன. யார் எதைத் தூக்கிப் போனார்கள் என்று, யாரும் கேட்காமலே மண்டபத்துக்கு எதிர்க்கடையில் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார். லோரி பிடித்துப் போய் மீட்டும் வந்திருக்கிறார். ஒன்றில் மட்டும் லேசாக மீன் வாடை.

நோட்டை நீட்டினார். கல்யாணத் தேதிக்கு நேராக என் மகள் பெயர்.

"அண்ணே, நான் கேக்கவே இல்லையே. பூட்டைக் கழட்ட வச்சதே நான்தானே..."

"பரிசம் போட்ட அன்னிக்கே எழுதிட்டேன். கையெழுத்துப் போடு."