எகிப்து வண்டும் என் மகளின் தாலியும்

கொழும்பில் நகை அணிந்த பெண்கள் எங்கும் கள்வருக்கு அஞ்சுவர். கொட்டாஞ்சேனையில் மட்டும் எகிப்து மாமாவுக்கு அஞ்சுவர். கள்வன் நகையோடு போய்விடுவான். மாமாவோ நகையின் வரலாற்றைச் சொல்லி முடிக்காமற் போகமாட்டார்.

அவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். துறைமுகத்தில் எழுதுவினைஞராயிருந்து ஓய்வுபெற்றவர். தம் விரலில் ஒரு மோதிரமும் அணியாத அவர், பிறர் அணிந்தவற்றிலெல்லாம் பண்டை நாகரிகங்களைக் கண்டார். ஒருமுறை வத்தளை பஸ்ஸில், முன்னிருக்கை அம்மையாரின் பக்கம் குனிந்து, "தங்கச்சி, உம்மட கழுத்தில கிடக்கிறது ஆரின்ர சாமான், தெரியுமோ?" என்று வினவினார். அம்மையார் சங்கிலியைப் பற்றிக்கொண்டு அலறினார்.

"சுமேரியாக்காரரின்ர!" என்று மாமா விளக்குவதற்குள், "மாத்தயா, பஹின்ன!" என்று சிங்களத்தில் அதட்டி, நடத்துநர் அவரை இறக்கிவிட்டார்.

என் மகளுக்குத் தாலி செய்யப் பொன்னுருக்கும் நாளன்று, அழையாமலே எங்கள் வாகனத்தில் ஏறிக்கொண்டவரும் இவரே.

நாங்கள் கத்தோலிக்கர், மாப்பிள்ளை வீட்டார் வெள்ளவத்தைச் சைவர். நற்பொழுது பிறந்ததும், பட்டறையில் பொற்கொல்லரான ஆசாரியார் தணலை ஊதியபடி, "தாலியில என்ன உரு வைக்கிறது?" என்றார். பிள்ளையார் என்றார் சம்பந்தி. தூய ஆவியின் புறா என்றாள் என் மனைவி. சம்பந்தி துண்டை உதறி எழுந்தார். மனைவி கைப்பையை எடுத்தாள். வீட்டிலே காத்திருக்கும் மகளிடம் என்ன சொல்வேன் என்று அஞ்சி, நான் வாசலை மறித்து நின்றேன்.

மாமா தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு பேரும் இருங்கோ. மனுசன் முதன்முதல் கழுத்தில கட்டினது சிப்பி, கண்டியளோ."

சிப்பியிலிருந்து எலும்பு மணிக்கும், அங்கிருந்து சிந்துவெளியின் சூதுபவளத்துக்கும் சென்றார். பொழுது கரைந்தது; கரையவேண்டிய பொன் கரையவில்லை.

"ஐயா, ராகுகாலம் வரப்போகுது!" என்று சம்பந்தி மன்றாடினார்.

"அதுக்கு முதல் எகிப்து வரும். அங்க தாயத்தா, கல்லில கொத்தின வண்டு கட்டுவினம். மேல பார்த்தா வண்டு. பிரட்டினா வேற உரு."

"பிரட்டினாலோ?"

"ஓம், பக்கத்துக்கு ஒண்டு."

சம்பந்தி என் மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆசாரியார், ஒரு பக்கம் பிள்ளையார், மற்றப் பக்கம் புறா. கெதியா உருக்கும்!" என்றார் சம்பந்தி.

"பொறுங்கோ, நான் இன்னும் ரோமாபுரிக்கே வரேல்லை!"

"வரவேண்டாம்!" என்று இரு வீட்டாரும் முதன்முறையாக ஒரே குரலில் முழங்கினர். பொன் உருகியது, நான் வாசலை விட்டு விலகினேன்.

திருமணத்தன்று மகள் தாலியை மாமாவிடம் நீட்டிக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டார். சுற்றிநின்றோர் மெல்ல விலகினர். முன்னும் பின்னும் பிரட்டிப் பார்த்தவர், "வடிவாயிருக்கு, பிள்ளை," என்றார். அவ்வளவோடு பந்திக்கு நடந்தார்.

ஈராண்டு கழித்துப் பேத்திக்குக் காதுகுத்து. இம்முறை நானே அவர் வீட்டுக்குச் சென்று அழைத்தேன். ரோமாபுரியிலிருந்து தொடங்குமாறும் கேட்டுக்கொண்டேன்.